24 மணி நேர ஹோம் அட்டெண்டர் சர்வீஸ், திருச்சி - 19 மாசம் வச்சிருந்த அனுபவம்

ஏஜென்சி பேரு போடலை. நான் விசாரிச்ச நாலு ஏஜென்சியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடத்துறாங்க, ஒருத்தர் பேரை மட்டும் போட்டா மத்தவங்க எல்லாம் சுத்தம்னு ஆயிடும். அதனால இதை இந்த சர்வீஸ் பத்தின ரிவ்யூவா படிங்க. வீட்டுல பெரியவங்க படுத்துட்டாங்க, நாம வெளியூர்ல இருக்கோம், ஆள் வேணும்னு அலையுற யாருக்காவது உபயோகப்படும்னுதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

ஏஜென்சிக்கு ரெண்டு ஸ்டார். அவங்க அனுப்புன அக்காவுக்கு அஞ்சு ஸ்டார் பத்தாது.

அம்மாவுக்கு அப்போ 78 வயசு. திருவெறும்பூர் பக்கம் சொந்த வீடு, அப்பா துவாக்குடியில ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனில வேலை பாத்து 2005-ல ரிட்டையர் ஆனப்ப வந்த பணத்துல கட்டினது. அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா தனியாத்தான் இருந்தாங்க. தம்பி ஷார்ஜாவுல, நான் சென்னையில, எங்கூட என் மாமியார் இருக்காங்க, அவங்களுக்கும் 75 ஆச்சு, சுகர், கண்ணு சரியாத் தெரியாது. 2024 மார்ச்ல ஒருநாள் காலைல அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. ஆறு மணிக்கு விழுந்திருக்காங்க, ஏழரைக்கு பால் போட வந்தவர் குரல் குடுத்துப் பாத்துட்டு பக்கத்து வீட்டு மாமாகிட்ட சொல்லி, அவர் பின்பக்க கதவை உடைச்சு உள்ள போயிருக்கார். அந்த மாமாவுக்கே 74 வயசு. அம்மாவைத் தூக்க நாலு பேர் வந்தாங்க, நாலு பேருமே அறுபது தாண்டினவங்க. எங்க தெருவுல 22 வீடு இருக்கு, ஆஸ்பத்திரில உக்காந்திருந்தப்ப மனசுக்குள்ள எண்ணிப் பாத்தேன், 15 வீட்டுல வயசானவங்க மட்டும்தான் இருக்காங்க. பெல்னு (BHEL) சொல்ற அரசு பாய்லர் கம்பெனி வந்தப்புறம் அதைச் சுத்தி வேலைக்கு வந்து, வீடு கட்டி, பிள்ளைங்களை இன்ஜினியரிங் படிக்க வச்ச தலைமுறை. பிள்ளைங்க எல்லாம் படிச்சு முடிச்சு பெங்களூரு, துபாய், அமெரிக்கான்னு போயாச்சு.

இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆச்சு. டாக்டர் டிஸ்சார்ஜ் அன்னைக்கு சொன்னார், ஆபரேஷன் பாதிதான்மா, மீதி வீட்டுல பாத்துக்கறதுலதான் இருக்குன்னு. நான் ஏற்கனவே 12 நாள் லீவு போட்டாச்சு, அதுக்கு மேல போட்டா சம்பளம் இல்ல. அம்மாவை சென்னைக்கு கூட்டிட்டு வரலாம்னா எங்களோடது ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஸ்ட்ரெச்சர் திரும்பாது. அப்படித்தான் ஏஜென்சிக்குப் போனோம்.

ஆபீஸ் ஒரு மாடி வீட்டுல இருந்துச்சு. முன்னாடி அது ப்ளே ஸ்கூலா இருந்த இடமாம், படிக்கட்டுச் சுவர்ல அ அம்மா, ஆ ஆடு எல்லாம் பெயிண்ட் அடிச்சது அப்படியே இருக்கு. பசங்க சேர ஆளில்லாம மூடிட்டாங்கன்னு அந்த ஆபீஸ்ல இருந்த பொண்ணு சொன்னாங்க. ரெஜிஸ்ட்ரேஷன் 3,000, டெபாசிட் 10,000, மாசம் 24,000, சாப்பாடு நம்ம பொறுப்பு. ட்ரெயினிங் எடுத்த ஆளான்னு கேட்டேன், எல்லாருமே ட்ரெயின்டு மேடம்னு சொன்னாங்க. என்ன ட்ரெயினிங், எத்தனை நாள், யார் குடுத்தாங்கன்னு அன்னைக்கே கேட்டிருக்கணும். நீங்க போனீங்கன்னா தயவுசெஞ்சு அதைக் கேளுங்க.

முதல்ல வந்தது ஒடிசாவுல இருந்து வந்த ஒரு பொண்ணு, 21 வயசு. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, அம்மாவுக்கு தமிழ் தவிர வேற தெரியாது. அம்மா வலிக்குதும்பாங்க, அது தண்ணி கொண்டு வந்து குடுக்கும். நான் சென்னையில இருந்து வீடியோ கால்ல எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஹிந்தியில பேசுவேன், அதுக்கு ஹிந்தியும் சரளமா வராது. ராத்திரி பயந்துக்கிட்டு லைட்டை அணைக்காம உக்காந்திருக்கும். பத்தாவது நாள் நான் ஊருக்குப் போனப்ப அம்மாவைத் திருப்பிப் பாத்தா வால் எலும்புக்கு மேல ஒரு ரூபா காசு அளவுக்கு செவந்து, நடுவுல தோல் உரிஞ்சிருக்கு. படுக்கைப் புண். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி திருப்பிப் படுக்க வைக்கணும்னு அந்தப் பொண்ணுக்கு யாருமே சொல்லிக் குடுக்கலை. எனக்கு அது மேல கோவமே வரலை. போறப்ப அம்மா கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. ஒரு சின்னப் பொண்ணை மொழி தெரியாத ஊருல, படுத்த படுக்கையா இருக்கிறவங்ககூட தனியா விட்டுட்டு மாசம் 24,000 வாங்குறாங்களே, அவங்க மேலதான் கோவம்.

ஏஜென்சிக்கு நியாயமா சொல்லணும்னா, போன் பண்ணி கத்தினதும் ரெண்டே நாள்ல வேற ஆள் அனுப்பினாங்க, ஆதார் காப்பி, போலீஸ் வெரிஃபிகேஷன் பேப்பர் எல்லாம் சரியா குடுத்தாங்க, பில்லும் மாசாமாசம் ஒழுங்கா வந்துச்சு. ஆனா அவங்க ஆள் யாரும் வீட்டுக்கு வந்து அம்மா எப்படி இருக்காங்க, அந்தப் புண்ணு ஆறுச்சான்னு எட்டிக்கூட பாக்கலை. 19 மாசத்துல ஒருதடவைகூட.

ரெண்டாவதா வந்தவங்கதான் அக்கா. மணப்பாறை பக்கம் ஒரு கிராமம், வயசு 54. வந்ததும் பையை வச்சுட்டு கை கால் கழுவிட்டு வந்து அம்மாவை ஒருக்களிச்சு படுக்க வச்சு புண்ணைப் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லலை, பழைய வேட்டி இருக்கான்னு கேட்டாங்க. அப்பாவோட வேட்டி இருந்துச்சு. அதை நாலா மடிச்சு அம்மா தோள்ல இருந்து தொடை வரைக்கும் அடியில விரிச்சாங்க. திருப்பணும்னா அம்மா கையையோ காலையோ புடிச்சு இழுக்குறதில்ல, வேட்டி ஓரத்தை ரெண்டு கையாலயும் சுருட்டிப் புடிச்சு, தன் முழங்காலைக் கட்டில் ஓரத்துல முட்டுக் குடுத்து, மெதுவா தன் பக்கம் இழுப்பாங்க, ஆள் அப்படியே உருளும், தோல் எங்கயும் உராயாது. ரெண்டு முட்டிக்கும் நடுவுல தலகாணி. முதுகுக்குப் பின்னாடி ஒரு சின்ன தலகாணி. எனக்கும் சொல்லிக் குடுத்தாங்க, மூணு தடவை செஞ்சதுல எனக்கு மூச்சு வாங்கிருச்சு. அவங்க ஒரு நாளைக்கு பன்னெண்டு தடவை செய்யணும், அதுல நாலு ராத்திரியில.

பழைய காலண்டர் தாள் பின்பக்கம் கட்டம் போட்டு சுவத்துல ஒட்டினாங்க. 6, 8, 10, 12னு மணி, ஒவ்வொரு கட்டத்துலயும் இ, வ, ம. இடது, வலது, மல்லாக்க. ராத்திரி ரெண்டு மணி கட்டத்துலயும் எழுத்து இருக்கும். நான் சனிக்கிழமை ராத்திரி ஊருக்குப் போனா தூக்கத்துல அந்த கட்டில் சத்தம் கேக்கும், படுக்கைப் புண்ணுக்காக வாங்கின ஏர் பெட்டோட மோட்டார் உர்ர்னு ஓடும், அம்மா முனகுறது, அக்கா "ஒண்ணுமில்லம்மா, திரும்பிப் படுப்போம், அவ்ளோதான்"னு சொல்றது. ஆறு வாரத்துல புண்ணு ஆறிடுச்சு. எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன். மாமனார் பக்கவாதத்துல மூணு வருஷம் படுத்திருந்தாராம், அங்கதான். ஏஜென்சி ட்ரெயினிங் ஒருநாள், அதுல பாதி நேரம் ஃபார்ம் ஃபில் பண்றது.

இப்ப காசு விஷயத்துக்கு வரேன், இதைப் பத்தி யாரும் வெளிப்படையா பேசுறதில்ல. அம்மாவுக்கு வர்றது அப்பாவோட பி.எஃப் பென்ஷன்ல பாதி, மாசம் 1,100 சொச்சம். 1995-ல கொண்டுவந்த அந்தத் திட்டத்துல சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு, அப்பா ரிட்டையர் ஆன காலத்துல எவ்ளோ வாங்கினாலும் 6,500-தான் கணக்கு. குறைஞ்சபட்சம் 1,000 ரூபாய்னு 2014-ல வச்சாங்க, இன்னைக்கும் அதே ஆயிரம்தான். முப்பது வருஷம் இரும்பு வெல்டு பண்ணின மனுஷனோட வீட்டுக்கு 1,100, அட்டெண்டருக்கு 24,000. தம்பி 15,000, நான் 9,000னு பிரிச்சுக்கிட்டோம். 19 மாசத்துக்கு 4,56,000 ஆச்சு, இதுல டயாப்பர், பெட் ஷீட் பேட், மாத்திரை, ஏர் பெட் எதுவும் சேராது. நான் கட்டிக்கிட்டிருந்த சீட்டை நிறுத்தினேன். அது என் வயசான காலத்துக்குன்னு போட்டது, எனக்கு 49 ஆகுது, ஒரே பொண்ணு. எங்க பாட்டிக்கு எட்டு பிள்ளைங்க, அம்மாவுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு. பாட்டி படுத்தப்ப எட்டு வீட்டுல இருந்தும் மாத்தி மாத்தி வந்து பாத்தாங்க, யாரும் லீவு போடலை, யாரும் காசு குடுக்கலை, ஆனா வந்ததெல்லாம் மருமகளுங்களும் மகளுங்களும்தான், அதுவும் ஞாபகம் இருக்கு.

எங்க வீட்டுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்ல இது. தமிழ்நாட்டுல 2021-ல அறுபது தாண்டினவங்க 13.6 சதவீதம்னு மத்திய அரசோட மக்கள்தொகைக் கணிப்பு சொல்லுது, 2031-ல 18.2 ஆகும்ங்கிறாங்க. நாட்டுலயே கேரளாவுக்கு அடுத்து நாமதான். ஒரு பொண்ணு சராசரியா பெத்துக்கிற குழந்தை ரெண்டுக்கும் கீழ போயாச்சு. நாம் இருவர் நமக்கு இருவர்னு பஸ்ல எல்லாம் எழுதிப் போட்டதை நம்ம அப்பா அம்மா நல்லபடியா கேட்டு நடந்தாங்க, அதனாலதான் எங்களால படிக்க முடிஞ்சுது, அதுல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அந்த ரெண்டு பேரும் வெளியூர் போனா வீட்டுல யார் இருக்கிறதுன்னு அன்னைக்கு யாரும் யோசிக்கலை, இன்னைக்கும் அதுக்கு நாம வச்சிருக்கிற ஒரே பதில் இந்த மாதிரி ஏஜென்சிதான்.

அந்தப் பதில் எதை நம்பி நிக்குதுன்னு எனக்கு அஞ்சாவது மாசம்தான் தெரிஞ்சுது. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அக்கா பின்பக்க திண்ணைக்குப் போய் போன் பேசுவாங்க. "சாப்ட்டியா அத்தை, மாத்திரை போட்டியா, கதவைத் தாப்பா போட்டியா." அவங்க மாமியாருக்கு 80 வயசு, கிராமத்துல தனியா இருக்காங்க. அக்கா புருஷன் இல்ல, பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனில, பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு. பக்கத்து வீட்டுல ரெண்டு வேளை சோறு குடுக்க மாசம் 1,500 குடுக்கிறாங்க. மாமியாருக்கு முதியோர் உதவித்தொகை 1,200 வருது, 2023-ல 1,000-ல இருந்து ஏத்தினது. அதுல மத்திய அரசோட பங்கு 200 ரூபா, எண்பது ஆனதும்தான் 500. அந்த 1,200-ஓட 300 சேத்து சோத்துக்குக் குடுத்துட்டு, எங்க அம்மாவுக்கு ரசம் சாதம் பிசைஞ்சு ஊட்டினாங்க. எங்க அம்மாவைப் பாத்துக்க இன்னொரு வீட்டு அம்மா தனியா கிடந்திருக்காங்க, நாங்க அஞ்சு மாசமா அதைக் கேக்கவே இல்ல.

அன்னைக்குத்தான் சம்பளத்தையும் கேட்டேன். நாங்க குடுக்குற 24,000-ல அக்கா கைக்கு 15,000. மாசம் ரெண்டு நாள்தான் லீவு, அதுக்கு மேல எடுத்தா சம்பளத்துல புடிப்பாங்க. பி.எஃப் இல்ல, இ.எஸ்.ஐ இல்ல. 28 நாள், 24 மணி நேரம், கணக்குப் போட்டா ஒரு மணி நேரத்துக்கு 22 ரூபா. மீதி 9,000 மாசாமாசம் ஏஜென்சிக்கு, முதல் மாசம் வாங்குனா ஆள் தேடிக் குடுத்ததுக்குன்னு வச்சுக்கலாம், பத்தொம்பதாவது மாசமும் எதுக்குன்னு கேட்டேன், ரிப்ளேஸ்மென்ட் சப்போர்ட்னாங்க. நாங்களே நேரடியா வச்சுக்கலாம்னு பாத்தா அக்ரிமென்ட்ல ஒரு ஷரத்து, ஒரு வருஷத்துக்குள்ள நேரடியா எடுத்தா ஒரு லட்சம் கட்டணும். கையெழுத்துப் போடுறப்ப ஆஸ்பத்திரி பதட்டத்துல யார் அதெல்லாம் படிக்கிறா. நீங்க படிங்க.

நாங்க செஞ்சது என்னன்னா, தனியா மாசம் 4,000 அக்கா கணக்குல போட்டோம். மாசம் ரெண்டு நாள்ங்கிறதை நாலு நாள் ஆக்கினோம், அந்த நாலு நாள் நானோ என் வீட்டுக்காரரோ போய் இருந்தோம். என் வீட்டுக்காரர் எங்க அம்மாவுக்கு டயாப்பர் மாத்தக் கத்துக்கிட்டார், முதல் தடவை அம்மா கூச்சத்துல கண்ணை மூடிக்கிட்டு அழுதாங்க, ரெண்டாவது மாசத்துல இருந்து அவரை மாப்பிள்ளைன்னு கூப்பிடுறதை விட்டுட்டு பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. அக்காவை அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியத்துல பதிஞ்சு விட்டேன், அறுபது வயசுக்குள்ள பதியணும், அப்படி ஒண்ணு இருக்குறதே அவங்களுக்குத் தெரியாது, ஏஜென்சி சொல்லவும் இல்ல.

அரசாங்கம் ஒண்ணுமே பண்ணலைன்னு சொல்ல மாட்டேன். மக்களைத் தேடி மருத்துவத்துல பி.பி மாத்திரை வீட்டுக்கே கொண்டு வந்து குடுத்தாங்க, பிசியோதெரபி பண்ற தங்கச்சி ஸ்கூட்டில வந்து அம்மாவுக்கு முதல்ல கட்டில்லயே கால் அசைக்க, அப்புறம் உக்கார, அப்புறம் வாக்கர் புடிச்சு நிக்கன்னு பொறுமையா பழக்கினாங்க, ஒரு பைசா வாங்கலை. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின திட்டம் அது, இந்த ஊர்ல எத்தனை வீட்டுல அந்த ஸ்கூட்டி சத்தத்துக்காகக் காத்திருக்காங்கன்னு நேர்ல பாத்தேன். ஆனா அவங்க வந்துட்டு அரை மணி நேரத்துல போயிடுவாங்க. மீதி இருபத்து மூணரை மணி நேரத்துக்கு யாரு? அதுக்கு நமக்கு இன்னும் எதுவும் இல்ல. ஜப்பான்ல இதுக்குன்னே 2000-ல தனி இன்சூரன்ஸ் கொண்டுவந்தாங்க, நாப்பது வயசு ஆனா எல்லாரும் கட்டணும், வயசானப்ப வீட்டுக்கு ஆள் வர்ற செலவுல பெரும்பகுதியை அது பாத்துக்கும். அவங்க பணக்கார நாடு, உண்மைதான். நாமளும் ஏதோ ஒரு வடிவத்துல இதை எல்லாரும் சேந்து சுமக்கிற ஏற்பாடு பண்ணியே ஆகணும், ஏன்னா இப்ப இதோட முழு பாரமும் அம்பது வயசுப் பொம்பளைங்க முதுகு மேல இருக்கு, அக்காவுக்கு 54, இன்னும் ஆறு வருஷத்துல அவங்களும் அறுபது ஆனவங்க கணக்குல சேந்துருவாங்க, அவங்க பொண்ணு இந்த வேலைக்கு வரவே மாட்டேன்னு சொல்லிருச்சு.

தேடுறவங்களுக்கு எனக்குப் பட்டதைச் சொல்றேன். விலை கேக்குறதுக்கு முன்னாடி அட்டெண்டருக்கு எவ்ளோ குடுக்கிறீங்கன்னு கேளுங்க, சொல்ல மாட்டேன்னா வேற இடம் பாருங்க. முதல் நாள் நீங்க கூடவே இருந்து, எங்க திருப்பிப் படுக்க வச்சுக் காட்டுங்கன்னு சொல்லுங்க, கையைப் புடிச்சு இழுத்தா அப்பவே தெரிஞ்சிடும். அவங்களுக்குன்னு தனி கட்டிலோ பாயோ, ஃபேன், பூட்டுற மாதிரி ஒரு அலமாரி குடுங்க. எங்க தெருவுல ஒரு வீட்டுல அட்டெண்டருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், அதைக் கழுவி வெளிய கவுத்தி வைக்கணும். பெத்த தாயைத் தொட்டுக் குளிப்பாட்டுறவங்களுக்கு அதே வீட்டுல தனித் தட்டு. பாத்துட்டு வந்து எனக்கு அன்னைக்கு சாப்பாடு இறங்கலை. கேமரா வைக்கிறதுன்னா சொல்லிட்டு வைங்க. பகல்ல ரெண்டு மணி நேரமாவது தூங்க விடுங்க, ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறவங்களுக்கு அது தேவை.

அம்மா இப்ப வாக்கர்ல நடக்குறாங்க. பாத்ரூம் வரைக்கும் தானா போறாங்க, பக்கத்துல ஒரு ஆள் நின்னா போதும். தீபாவளிக்கு ஊருக்குப் போன அக்கா திரும்பி வரலை. மாமியார் வாசப்படியில விழுந்து, அதே மாதிரி இடுப்பு. பெரியாஸ்பத்திரில ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்துட்டாங்க, இனிமே நான்தாம்மா பாக்கணும், சம்பளம் போச்சுன்னு போன்ல சொன்னாங்க. ஏஜென்சி அன்னைக்கு சாயங்காலமே கூப்பிட்டு வேற ஆள் ரெடியா இருக்கு, இப்ப ரேட்டு 27,000ன்னாங்க. வேண்டாம்னுட்டேன். டெபாசிட் 10,000 இன்னும் வரலை. பகலுக்கு மட்டும் தெருக்கோடில இருக்கிற ஒருத்தங்க வர்றாங்க, நேரடியா பேசி, ஞாயித்துக்கிழமை லீவு. ராத்திரிக்கு அம்மா தனியாத்தான். அதுக்கு எனக்கு இன்னும் வழி தெரியலை.

போன வாரம் ஏர் பெட்டையும் மோட்டாரையும் நல்லா துடைச்சு, அப்பாவோட ரெண்டு வேட்டியும் வச்சு ஒரு வேன்ல மணப்பாறைக்கு அனுப்பினேன். ராத்திரி எட்டு மணிக்கு அக்கா போன் பண்ணாங்க, மோட்டார் நல்லா ஓடுதாம், சத்தத்தை போன்ல கேக்க வச்சாங்க. அம்மா போனை வாங்கி, ரெண்டு மணிக்குத் திருப்ப மறந்துறாதேன்னு சொன்னாங்க.